உட்காரக் கூடாத நாற்காலி

"உங்க ஆளு எங்க ரூம்ல நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கா. ரொம்ப நல்லா ஹோட்டல் நடத்துறீங்க!"

இன்ஜினியரின் குரல் அந்த வரவேற்பறைக்குப் பொருந்தவில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். வாசலுக்கு வெளியே தெரு அலறிக்கொண்டிருக்கும். உள்ளே வந்தால் நம் செருப்புச் சத்தமே நமக்குக் கூச்சமாக இருக்கும்.

அந்த அமைதிக்காகத்தான் இன்ஜினியரும் மனைவியும் வந்திருந்தார்கள். புற்றுநோயோ என்ற சந்தேகத்தில் டாக்டர் மனைவியின் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார். முடிவு தெரியும்வரை அவள் நிம்மதியாக இருக்கட்டும் என்று, இருப்பதிலேயே நல்ல அறையாகப் பார்த்து எடுத்திருந்தார்.

மூன்று நாளாக அவர் மட்டும் தோட்டத்துப் பெஞ்சில், காதும் ஃபோனுமாக. பாதியில் நிற்கிற ஒரு கட்டட வேலை. இன்றும் காலையிலிருந்து அதே பேச்சுதான். நடுவில் வந்த அழைப்புகளையெல்லாம் வெட்டிவிட்டுப் பேசினார். சார்ஜர் எடுக்க மேலே போனபோதுதான் அந்தக் காட்சி.

அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்ணை மேனேஜர் வரவழைத்தார். நாற்பது வயதிருக்கும். கையில் இன்னும் துடைக்கிற துணி.

"சார் சொல்றது நிஜமா?"

"ஆமா சார். காலு வலிச்சுது. ரெண்டு நிமிஷம் உட்கார்ந்துட்டேன்."

"ரெண்டு நிமிஷமா? நான் பார்க்கும்போது நல்லா சாய்ஞ்சு உட்கார்ந்திருந்தே!" என்றார் இன்ஜினியர். "என் வொய்ஃப் பாவம், சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அசந்து தூங்குறா. இவ பக்கத்துல மகாராணி மாதிரி! கால் வலிச்சா உட்கார வேற இடமா இல்ல?"



"பதினோரு வருஷமா இருக்கே. தங்குறவங்க ரூம்ல உட்காரக் கூடாதுன்னு உனக்கு நான் சொல்லணுமா?" மேனேஜர் கையை நீட்டினார். "சாவியைக் கொடு."

சாவியை வாங்கிவிட்டால் மறுநாள் வர வேண்டாம் என்று அர்த்தம். அவள் இடுப்பிலிருந்து அதைக் கழற்றச் சற்று நேரம் பிடித்தது.

"கொடுக்காதீங்க."

மாடிப்படியில் இன்ஜினியரின் மனைவி. காலில் செருப்பில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள்.

"நான்தான் இவங்களை உட்காரச் சொன்னேன்."

"நீ தூங்கிட்டுல்ல இருந்தே?"

"தூங்கலைங்க."

"சரி, அதை இவ சொல்ல வேண்டியதுதானே? கால் வலின்னு எதுக்குப் பொய்?"

"நான்தான் யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னேன். உங்ககிட்ட நானே சொல்லணும்னு இருந்தேன்." அவள் சுத்தம் செய்யும் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து ஃபோன் வந்துது. டாக்டர் சந்தேகப்பட்டதேதானாம். கேட்டதும் எனக்குக் கையும் காலும் ஆடிப்போச்சு. தனியா இருக்கப் பயமா இருந்துது."

இன்ஜினியர் மெல்லக் கேட்டார்.

"என்னை ஏன் கூப்பிடலை?"

"உங்களைத்தாங்க முதல்ல கூப்பிட்டேன். மூணு தடவை."