பள்ளத்து வீட்டில் நாலு கோடு

"அண்ணே, பொட்டியில பச்சை லைட் எரிஞ்சா டவர் வந்துடுமா?"

வரும் என்றார் மெக்கானிக். ஆனால் ரிப்பீட்டர் தானாக எதையும் உண்டாக்காது. மாடியில் கிடைப்பதை வாங்கிப் பெருக்கி வீட்டுக்குள் விடும், அவ்வளவுதான். கேட்ட அக்கா தலையாட்டினாள். புரிந்ததோ இல்லையோ, காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

வீடு பள்ளத்தில் இருந்தது. முன்னால் பாறை மேடு. எந்தக் கம்பெனி சிம் போட்டாலும் வீட்டுக்குள் ஒரு கோடுகூடக் காட்டாது. மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் வடக்கு மூலையில் மட்டும் இரண்டு கோடு.

அந்த மூலையில் ஒரு நாற்காலியும் குடையும் போட்டு, பத்து மாதமாக அக்காவும் அவள் கணவரும் மாற்றி மாற்றிப் போன் காவல் இருந்தார்கள். அக்காவின் தம்பிக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. மாற்றுக் கிட்னி கிடைத்தால் ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பார்கள். எடுக்காவிட்டால் அது பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். மூன்று எண்கள் கொடுத்து வைத்திருந்தார்கள். மூன்றும் அதே பள்ளத்தில்.

போன மாதம், கணவர் டீ குடிக்க இறங்கிய பத்து நிமிடத்தில் அழைப்பு வந்து போனது. அந்தக் கிட்னி யாருக்கோ போயிற்று. அதன்பின் அவர் டீ கேட்கவில்லை. அக்காவும் போடவில்லை.

மெக்கானிக் மாடியில் ஆண்டெனாவை நிறுத்தினார். அவர் போனில் யாரிடமோ பேசுவது கீழே கேட்டது.

"பாத்தியா, மேல என்னமா எடுக்குது" என்று கணவர் பூரித்தார்.

முதல் கோடு விழுவதைப் பார்க்கும் ஆசையில் காவல் போனையும் கீழே கொண்டுவந்திருந்தார்கள். அக்காவுக்கு மட்டும் உறுத்தியது.

"ஒரு மாசமா வராதது, இந்த அரை மணி நேரத்துலதான் வரப்போகுதா" என்றார் கணவர்.

மெக்கானிக் இறங்கி வந்து கூடத்துச் சுவரில் பெட்டியை மாட்டினார். மணி ஒன்பதரை. அக்கா கிட்னி விஷயத்தைச் சொன்னதும், எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். சொன்னார்கள். என்ன ரத்தம் என்று கேட்டார். ஓ பாசிட்டிவ் என்றான் தம்பி. பட்டியலில் இப்போது அவன்தான் முதல் ஆள் என்று, முதல் மார்க் வாங்கியவனைப் பற்றிச் சொல்வதுபோல அக்கா சேர்த்துக்கொண்டாள்.

மெக்கானிக் சுவிட்சைப் போட்டார். சிவப்பு.

அணைத்துப் போட்டார். மறுபடியும் சிவப்பு. அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி போய்விட்டதா என்று அக்கா கேட்டாள்.

"விடுங்கண்ணே, நாளைக்கு வேற பொட்டி கொண்டாங்க." தம்பி வீங்கிய கால்களை ஸ்டூலில் நீட்டியிருந்தான். "நான் எங்க ஓடிடப் போறேன். ஓடுற காலா இது?"

அக்கா சிரித்தாள். மெக்கானிக் சிரிக்கவில்லை. அந்தக் கால்களைப் பார்த்தார். எழுந்தார்.

"பொட்டி நல்லாத்தான் இருக்கு. மேல இருக்கிறதுக்கு நேர் கீழயே இதை மாட்டிட்டேன். ஒண்ணு போடுற சத்தத்தை இன்னொண்ணு வாங்கிக் கத்துது. தள்ளி வைக்கணும். சீக்கிரம் வாங்க."

பெட்டி கழன்றது. பின்பக்கக் கடைசி அறைக்கு வயர் ஓடியது. கணவர் வயரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அக்கா கட்டிலை ஒற்றை ஆளாக நகர்த்தினாள். சுவருக்கு வயர் ஒரு முழம் பற்றவில்லை. பெட்டியை அலமாரியின் தலையில் வைத்து மெக்கானிக் சுவிட்சைப் போட்டார்.

பச்சை.

"ஒண்ணு" என்றான் தம்பி, போனைப் பார்த்தபடி. "ரெண்டு. மூணு. அக்கா, நாலு."

சொல்லி வாய் மூடுமுன் போன் அலறியது. ஆஸ்பத்திரி. ஒன்பது மணியிலிருந்து ஆறு முறை கூப்பிட்டார்களாம். கிட்னி வந்திருக்கிறது, உடனே கிளம்புங்கள் என்றார்கள்.

அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கணவர் காரை எடுக்க ஓடி, சாவிக்காகத் திரும்பி ஓடி வந்தார். தம்பி மெக்கானிக்கின் கையைப் பிடித்தான்.

"நல்லபடியா போயிட்டு வாங்க" என்றார் அவர்.

கார் போனபின் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு மேடேறினார். உச்சியில் அவருடைய போன் ஒலித்தது. மனைவி. குரலில் பரபரப்பு.

"பத்தாகப் போகுதுங்க. அந்த முதல் ஆளு இன்னும் போனை எடுக்கலையாம். லிஸ்ட்ல ரெண்டாவது நான்தானே? துணியெல்லாம் எடுத்து வச்சிட்டு வாசல்லயே உக்காந்திருக்கேன். எப்ப வர்றீங்க?"

"துணியை உள்ள வச்சிடு" என்றார். "இப்ப எடுத்துட்டாங்க."