வெள்ளை ரோஜா டாக்டர்

“டாக்டர், இனிமே வெள்ளை ரோஜா வராதுங்க.”

கடைக்காரம்மா இதை மூன்றாவது தடவையாகக் காலி வாளியைப் பார்த்துச் சொன்னாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. வாளி திருப்பிக் கேள்வி கேட்காது, அதனால்தான் என்றார் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த கணவர்.

பத்து வருடமாகப் பூங்கொத்துக் கடை நடத்துகிறாள். விமானத்தில் வந்து இறங்கும் ரோஜாவும் லில்லியும்தான் கடைக்குப் பெருமையாக இருந்தன. அட்டைப்பெட்டியைப் பிரித்தால் எல்லாம் ஒரே உயரம், ஒரே முகம். முகர்ந்தால் குளிர்பெட்டி வாசனை. நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு பெண், வாங்க ஆளில்லாமல் மூன்று பாத்திச் செவ்வந்தியை மண்ணோடு சேர்த்துக் கொத்திவிட்டாள் என்று ஒருநாள் கேள்விப்பட்டு நேரில் போனாள். கொத்தாமல் மிச்சமிருந்த ஒரு பாத்தியைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அன்றே ஒரு வாளி எடுத்துவந்தாள். ஒரு வாளி எட்டு வாளியானது. போன மாதம், அந்தந்தப் பருவத்தில் பக்கத்துத் தோட்டங்களில் பூப்பது மட்டும்தான் இனி என் கடையில் என்று முடிவே கட்டிவிட்டாள்.

வாடிக்கையாளர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். சூரியகாந்தியை மேஜையில் வைப்பதா, கோழிக்கொண்டையைக் கல்யாணத்துக்குக் கொடுப்பதா என்றார்கள். பேசிப் பேசியே வழிக்குக் கொண்டுவந்தாள். பேச வாய் வராதது ஒரே ஒருவரிடம்தான். எதிர்க் கட்டடத்துப் பல் டாக்டர்.

ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்லும் அந்த மனிதர் தன் வாயை மட்டும் லேசில் திறக்கமாட்டார். முன்பெல்லாம் அவருடைய வரவேற்பறைப் பெண்தான் வந்து வெள்ளை ரோஜா வாங்கிப் போவாள். இந்த ஏழெட்டு மாதமாகத் திங்கள்தோறும் அவரே வந்து நிற்கிறார். வந்தோம், வாங்கினோம், போனோம் என்று இல்லை. தோட்டத்துப் பூ வாளிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்ப்பார். இது எத்தனை நாள் தாங்கும், இதையெல்லாம் யார் வாங்குவார்கள், போன வாரம் வந்ததில் எவ்வளவு வாடிப்போனது என்று குறுக்கு விசாரணை செய்வார். பதில் சொன்னால் “ம்” என்பார். அந்த “ம்” அவளை நாள் முழுக்க உறுத்தும்.

அவருக்காக மட்டும் இத்தனை வாரமும் நகரத்தின் மறுகோடியில் உள்ள மொத்தக் கடையிலிருந்து திருட்டுத்தனமாக ஒரு கட்டு ரோஜா வரவழைத்துக்கொண்டிருந்தாள். இனி ஒற்றைக் கட்டாகத் தரமுடியாது என்று அந்தக் கடைக்காரர்களும் கைவிரித்துவிட்டார்கள். டாக்டர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனால், அந்தக் கட்டடத்து மற்ற க்ளினிக்குகளும் அவர் பின்னாலேயே போகும். எட்டு வாளியில் மூன்று வாளி அங்கேதான் போகிறது.

அதுதான் அவளைத் தின்றது. விடிந்தும் விடியாததுமாகப் பின்சந்தில் பூவை இறக்கிவிட்டு, ஒரு வாய் டீ கூடக் குடிக்காமல் பறந்துவிடும் அந்தச் செவ்வந்தித் தோட்டத்துப் பெண், இன்று மட்டும் கொஞ்சம் நின்றாள்.

“இந்த சீசனை எப்படியாவது தாண்டிடணும்க்கா. இல்லேன்னா தோத்துட்டேன்னு வீட்டுல போய் நிக்கணும். அதுக்கு எனக்குக் கால் வராது.”

சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். வழக்கம்போல வாளிகளின் மேல் குனிந்தார். ஒத்திகை பார்த்த வாக்கியம் கடைக்காரம்மாவுக்குச் சுத்தமாக மறந்துபோனது.

“ரோஜா இல்லைங்க டாக்டர். இனிமேலும் இருக்காது. இங்க பூக்கிறதை மட்டும்தான் விக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் பயந்துகிட்டு இருந்தேன்.”

டாக்டர் நிமிர்ந்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இதெல்லாம் விக்குதா?”

“விக்குதுங்க.”

“வாங்கினவங்க திரும்பி வர்றாங்களா? இல்ல, உங்க முகத்துக்காக ஒரு தடவை வாங்கிட்டு விட்டுடறாங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. சொன்னது சொல்லியாயிற்று, இனி என்ன பயம் என்று மளமளவென்று கொட்டினாள். பேக்கரிக்காரம்மா வாரம் இரண்டு கட்டுக்குக் குறைந்து வாங்குவதில்லை என்றாள். அடுத்த மாதம் இரண்டு கல்யாணங்களுக்கு டேலியாதான் வேண்டும் என்று கேட்டிருப்பதைச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலம் எட்டு வாளியும் காலியாகிவிட்டதையும் சொன்னாள்.

“நான் ஏத்திச் சொல்லலைங்க. இதையெல்லாம் வளர்க்கிற பொண்ணோட பூவுக்குன்னே இப்ப ஆள் வருது.”

டாக்டர் அங்கிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தார். நெஞ்சுவலியோ என்று கடைக்காரம்மா பதறிவிட்டாள். அப்படி ஒன்றும் இல்லை. மனிதர் மூச்சை நீளமாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். அந்த முகம் இப்படித் தளர்ந்து அவள் பார்த்ததே இல்லை.

“அப்ப டேலியாவே கொடுங்க,” என்றார். “வாராவாரம்.”

கடைக்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருப்பதிலேயே பெரிய பூக்களாகப் பொறுக்கி, தண்டைச் சீவி, காகிதத்தில் சுற்றினாள். கை தன்போக்கில் வேலை பார்க்க, வாயும் தன்போக்கில் ஓடியது. நீங்களே வாங்கினீர்கள் என்று தெரிந்தால் இந்தப் பூவை வளர்த்த பெண்ணுக்குத் தலைகால் புரியாது, நாளைக்கு வந்ததும் முதல் வேலையாக அவளிடம் சொல்லிவிடுகிறேன் என்றாள்.

டாக்டர் பூங்கொத்தை இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

“சொல்லிடாதீங்கம்மா. ரெண்டு வருஷமா என்னோட பேசறதில்லை. இப்ப போய், அப்பா பாவம் பார்த்து வாங்குறார்னு நினைச்சுக்குவா.”