எந்தப் பிரிவு டாக்டர்?

உயிருள்ளவருக்கு ஊசி போட்டால் பெருமை, இறந்தவருக்காகச் சாட்சி சொன்னால் இழுக்கு என்பது அந்தத் தாயின் கணக்கு. மகளின் சொல்லால் நீதிமன்றத்தில் நீதி நிமிர்ந்த நாள்கள் அதில் சேரவில்லை. மாப்பிள்ளை வீட்டாரிடம் வெறும் ‘டாக்டர்’ என்றே சொல்லி வைத்திருந்தாள்.

காபியை உறிஞ்சியபடி மாப்பிள்ளையின் அம்மா கேட்டாள்: “எந்தப் பிரிவும்மா?”

தாய் கண்ணைக் காட்டினாள். மகளோ மறைக்கவில்லை.

“தடயவியல் மருத்துவம், ஆன்ட்டி. டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, மேல மூணு வருஷம் பிணவறையிலதான் படிச்சேன்.”

“அதனால என்ன, குளிச்சிட்டுத்தானே வீட்டுக்கு வருவே?” என்று அந்த அம்மாள் சிரித்தாள். மாப்பிள்ளையும் சிரித்தார். தாய்க்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“இப்ப என்ன வேலை பார்க்கறே?”

“பழைய கேஸுங்க. சந்தேகம்னு வந்தா, புதைச்ச உடலைத் தோண்டியெடுத்துப் பார்ப்போம்.”

“மண்ணோட மண்ணா போனதுல என்னங்க தெரியும்?” மாப்பிள்ளை முதன்முறையாக வாய் திறந்தார்.

“எலும்பு மிச்சமிருந்தா போதும். கழுத்தை நெரிச்சிருந்தாகூடப் பல நேரம் தெரிஞ்சிடும்.”

காபி பாதியில் நின்றது. ‘யோசிச்சுச் சொல்றோம்’ என்று இருவரும் எழுந்து போனார்கள்.

தாய் வெடித்தாள். “பொணம், எலும்புன்னு பேசி விரட்டிட்டியேடி.”

“பொணம்னப்ப சிரிச்சாங்களேம்மா.”

“ரெண்டாம் தாரம்னா நீ ஒத்துக்க மாட்டேன்னு உங்கிட்ட மறைச்சு வச்சேன். எல்லாம் வீண். பாவம், மொதல் பொண்டாட்டி மாடிப்படியில உருண்டு செத்ததுலேர்ந்து தனியா நிக்கிற மனுஷன்.”

மகள் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அவங்களை எரிச்சாங்களா, புதைச்சாங்களாம்மா?”