மானேஜர் வாங்கித் தந்த மாத்திரை

மானேஜர் தன் கையாலேயே மாத்திரையை அட்டையிலிருந்து பிய்த்துப் பாய்லர்காரரின் உள்ளங்கையில் வைத்தார். தண்ணீரையும் அவரே ஊற்றிக் கொடுத்தார். சமையலறை வாசலில் நின்ற பாய்லர்காரரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற பிள்ளைகூட இப்படிப் பார்த்துக்கொள்ளாது.

"ஒரு வேளைகூடத் தவறக் கூடாதும்மா," என்றார் மானேஜர் அவளிடம். "அந்த நாளை இவர் அடியோட மறக்கணும். எனக்கு வேற ஆசை இல்ல."

அந்த நாள் என்பது, ஆலையில் பாய்லர் வெடித்த நாள். கூட வேலை செய்த ஃபிட்டர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். பாய்லர்காரர் தோளில் தீக்காயத்தோடு தப்பினார். காயம் ஆறிவிட்டது, ஆள்தான் ஆறவில்லை. குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுவார். என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் பல் தந்தியடிக்குமே தவிர வாய் திறக்காது. அவள் குக்கரைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டுச் சட்டியில் சமைக்கத் தொடங்கியிருந்தாள்.

நீராவி மிஞ்சினால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய வால்வை யாரோ கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். அது ஃபிட்டரின் வேலை என்று ஆலை சொல்லிவிட்டது. செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை. ஆனால் விசாரணை அதிகாரி பிடிவாதக்காரர்.

"உயிரோட இருக்கற சாட்சி வாயைத் திறக்காம இதை முடிக்க மாட்டேன். ஞாபகம் இல்லேன்னாவது சொல்லட்டும்," என்றார்.

அந்த வாரமே மானேஜர் காரோடு வந்து வாசலில் நின்றார், பெரிய டாக்டரிடம் அழைத்துப் போக.

டாக்டர் பொறுமைசாலி. "மூளைக்குள்ள ஒரு காவல்காரன் இருக்கான்மா. ஆபத்துன்னா கத்தறது அவன் வேலை. அன்னைக்குக் கத்த ஆரம்பிச்சவன் இன்னும் நிறுத்தல. குக்கர் சத்தத்துக்கும் பாய்லர்னு கத்தறான். அவனை அடக்கவேண்டிய அதிகாரி நெத்திக்குப் பின்னால இருக்கார். அவர் பேச்சு எடுபடல."

"மாத்திரை என்ன பண்ணும் டாக்டர்?"

"காவல்காரன் குரலை இறக்கும். அதிகாரி பேச்சு எடுபட ஆரம்பிக்கும். உடனே இல்ல, சில வாரம் ஆகும். கூடவே இவர் இங்க வந்து, நடந்ததைக் கொஞ்சங்கொஞ்சமாப் பேசிப் பழகணும்."

டாக்டர் இந்தக் காவல்காரன் கதையை ஆரம்பிக்கும் முன்பே மானேஜர் ஃபோன் வந்து வெளியே போயிருந்தார். திரும்பும்போது காரில் கேட்டார்: "டாக்டர் என்னம்மா சொன்னார்?"

"அந்த நாள் இனிமே இவரைப் பாடாப் படுத்தாதாம் சார்."

"அதாவது, மறந்துடுவார்."

டாக்டர் அப்படிச் சொன்னதாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் படித்த மனிதர், தன் காரில் வேறு ஏற்றிக்கொண்டு போகிறார். அவரைத் திருத்துவது மரியாதையாக இருக்குமா? "ஆமாங்க சார்," என்றாள்.

அதன்பிறகு பாய்லர்காரர் டாக்டரிடம் பேசப் போய்வந்தார்; வாரம் தவறாமல் மானேஜரும் வீட்டுக்கு வந்தார். ஒருமுறை படம் பிடிப்பவரையும் கூட்டி வந்தார். படம் சரியாக விழவில்லை என்று பாய்லர்காரரை மறுபடி வாயைத் திறக்கச் சொன்னார்கள். இரண்டாம் தடவை வெறும் தண்ணீர். தொழிலாளர் நலனில் அக்கறை என்ற தலைப்போடு அந்தப் படம் ஆலை வாசலில் தொங்கியது.

தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்றெல்லாம் மானேஜர் கேட்கமாட்டார். "ஏதாவது ஞாபகம் வருதாம்மா?" என்பது ஒன்றுதான் கேள்வி. "அதைப் பத்தி என்கிட்ட ஒண்ணும் பேசறதில்ல சார்," என்பாள். அவர் முகம் மலரும்.

ஒருநாள் அவர் பாய்லர்காரரின் முதுகுக்குப் பின்னால் போய், எவர்சில்வர் தட்டு ஒன்றை வேண்டுமென்றே தரையில் போட்டார். அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பாய்லர்காரர் மெதுவாகத் திரும்பிக் குனிந்து தட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"கை தவறிடுச்சா சார்?"

மானேஜருக்கு வாயெல்லாம் பல். "புதுப் பாய்லர் பக்கம் போனா எப்படி இருக்கு?"

"நேத்துப் போய் நின்னு பாத்தேன் சார். ஒண்ணும் பண்ணல."

மறுநாளே விசாரணையை வைத்துக்கொள்ளலாம் என்று மானேஜரே அதிகாரிக்குச் சொல்லி அனுப்பினார்.

விசாரணை அறையில் மானேஜர் புதுச்சட்டையில் முன்வரிசையில் இருந்தார். கடைசி வரிசையில் ஃபிட்டரின் மனைவி தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆலைக்காரர்கள் யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாய்லர்காரரின் மனைவி சற்றுத் தயங்கிவிட்டு, போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு நடந்ததுல ஏதாவது ஞாபகம் இருக்கா? பதறாம சொல்லுங்க," என்றார் அதிகாரி.

அவள் கணவரின் கையைத்தான் பார்த்தாள். நடுக்கம் இல்லை. அவர் எழுந்து மானேஜரைப் பார்த்துக் கைகூப்பினார்.

"முதல்ல சாருக்கு நன்றி சொல்லணும். பயத்துல வாயடைச்சுக் கிடந்தவன் நான். டாக்டர், மாத்திரை எல்லாம் இவர் தயவு. அந்த உதவி இல்லேன்னா இன்னைக்கு இங்க நின்னு பேசவே மாட்டேன்."

மானேஜர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அதிகாரி மேலே சொல்லும்படி கையசைத்தார்.

"ஃபிட்டர் மாட்டேன்னுதான் சொன்னார். வால்வைக் கட்டச் சொன்னது சார்தான்."