காற்றைப் பூட்டியவள்

“நாளையிலை இருந்து நீ வேலைக்கு வரத் தேவையில்லை!”

மேல்மாடிப் படியில் மூச்சுவாங்க ஏறியபடியே கத்தினார் பரமலிங்கம். கீழே கல்லாப்பெட்டிக்குக் காவல் இருப்பதைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாத மனிதர்.

விற்பனைப் பெண் சிவகௌரி தலைகுனிந்துகொண்டாள். அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை வைக்கவேண்டும்.

மருதனார்மடம் சந்தியில் அவருடைய புது உடுப்புக்கடைக்கு ஏசி கிடையாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து கட்டியதை, ‘பசுமைக் கட்டடம்’ என்று திறப்பு விழாவில் அளந்துவிட்டிருந்தார். தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நேரே உள்ளே வர, மேல்மாடியின் பின்பக்கம் பெரிய பலகை யன்னல்கள். வாடிக்கையாளரே திறக்கலாம், பூட்டலாம். ‘உங்கள் காற்று உங்கள் கையில்’ என்று அறிவிப்புப் பலகை வேறு.

அந்த யன்னல்களைத்தான் மத்தியானமானால் இவள் பூட்டிவிடுகிறாளாம்.

“நாலு நாளாச் சொல்லுறன் அண்ணை,” என்றார் யன்னலோரக் கதிரையில் இருந்த வாடிக்கையாளர் கேதீஸ்வரன். “புழுங்கிச் சாகிறம். உந்தப் பிள்ளை பூட்டிப்போட்டு முன்னாலை நிக்குது!”

“ஏன் பூட்டினனீ? வாயைத் திறந்து சொல்லு!”

“சொல்லேலாது முதலாளி. என்னை நிப்பாட்டுறதெண்டா நிப்பாட்டுங்கோ. இன்னும் கொஞ்ச நேரம் யன்னல் பூட்டிக் கிடக்கட்டும்.”

“என்ரை கடை, என்ரை காத்து! நீ ஆர் மறிக்க?”

அவளை விலக்கிவிட்டு யன்னலைத் தள்ளித் திறந்தார். காற்று ஜில்லென்று முகத்தில் அடித்தது. கீழே எட்டிப் பார்த்தார்.

கடைக்குப் பின்னால் அவருடைய வீட்டு வளவு. காற்றை மறிக்கிறது என்று கடையைக் கட்டிய கொழும்பு எஞ்சினியர் சொன்னவுடன், கிணற்றடித் தகர மறைப்பைப் பிடுங்கி எறிந்தவர் பரமலிங்கமேதான். இந்த நேரத்தில் யன்னல் பூட்டித்தானே கிடக்கும் என்ற நம்பிக்கையில், மார்புவரை ஏற்றிக்கட்டிய குறுக்குக்கட்டோடு வாளி வாளியாகத் தலையில் வார்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி இராசமலர்.

படாரென்று யன்னலைச் சாத்தினார். வெட்கத்தில் காது சுட்டது.

“ஆம்பிளையளுக்கு முன்னாலை இதை எப்பிடிச் சொல்லுறது முதலாளி?” என்றாள் சிவகௌரி.

“நீ நாளைக்கும் வா, பிள்ளை,” என்றவர் கேதீஸ்வரன் பக்கம் திரும்பினார்.

கதிரை காலி. புழுங்குகிறது என்று தினமும் வந்து முறையிட்ட மனிதர், இடுப்பில் கட்ட ஒரு சாரம்கூட வாங்காமல் விறுவிறென்று படியிறங்கிக்கொண்டிருந்தார்.