கேக்கல, மறுபடி சொல்லுங்க

"டீம் லீடர் போஸ்ட் உங்களுக்கு இல்ல. நானே நேர்ல சொல்லிடலாம்னுதான் கூப்பிட்டேன்" என்றார் மேனேஜர்.

"சரி சார்" என்றார் பூட்டு.

அவ்வளவுதான். ஏன், எதுக்கு, யாருக்குப் போச்சு, ஒரு கேள்வி கிடையாது. மேனேஜருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சமாதானம் சொல்ல நாலு நல்ல வார்த்தை யோசித்து வைத்திருந்தார் பாவம்.

அந்த லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் அவருக்குப் பூட்டு என்று பேர் வந்தது சும்மா இல்லை. ஆள் அப்படி ஓர் அழுத்தம். கல்யாணம் ஆச்சா என்று கேட்டால் "ம்" என்பார். அது 'ஆச்சு' என்கிற ம்மா, 'உனக்கெதுக்கு' என்கிற ம்மா என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. போட்டு வாங்குவதில் கெட்டிக்காரியான ரிசப்ஷன் பெண்ணே முயன்று பார்த்துக் கைவிட்டுவிட்டாள்.

இன்னொரு குறையும் உண்டு. காது.

மீட்டிங்கில் மேனேஜருக்கு இடது பக்கத்து நாற்காலியில் யாரும் உட்கார மாட்டார்கள். பூட்டுதான் உட்காருவார். வாயே திறக்க மாட்டார். திறந்தால் ஒரே வசனம்தான்: "கேக்கல, மறுபடி சொல்லுங்க."

ஒரு தடவை மேஜையின் அந்தக் கோடியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் ஆஸ்பத்திரி லிஃப்டைப் பற்றி ஏதோ சொன்னார். ஏ.சி. இரைச்சலில் மேனேஜருக்கு 'நிறுத்த' என்பது வரைக்கும்தான் கேட்டது. சரி, நிறுத்தச் சொல்லி எழுதிவிடலாம் என்று பேனாவைத் திறந்தார். அதற்குள் பக்கத்து நாற்காலி பேசியது.

"கேக்கல, மறுபடி சொல்லுங்க."

"நிறுத்தவே கூடாதுன்னு சொன்னேன்யா" என்று அலுத்துக்கொண்டார் இன்ஜினியர். "ஆபரேஷன் தியேட்டருக்கு அது ஒண்ணுதான் போகுது."

எல்லோரும் பூட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சிரித்தபடியே திறந்த பேனாவை மூடினார்.

போன வருஷக் காய்ச்சலோடு மேனேஜருடைய இடது காது போய்விட்டது. அது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும் தெரிந்த விஷயம். வெளியே தெரிந்தால், காது கேக்காத மனுஷனுக்கு மேனேஜர் நாற்காலி எதுக்கு என்று மேலே பேச ஆரம்பித்துவிடுவார்கள். மூத்தவள் இப்போதுதான் காலேஜில் காலெடுத்து வைத்திருக்கிறாள். நல்லவேளை, ஆபீசில் இன்னொரு செவிட்டு ஆசாமி இருந்தார். அவர் புண்ணியத்தில் முக்கியமானதெல்லாம் இரண்டு தடவை சொல்லப்பட்டது, மேனேஜரின் வண்டியும் ஓடியது.

"மனசுல வெச்சுக்காதீங்க" என்று மேனேஜர் தொடர்ந்தார். "லீடர்னா கலகலன்னு பேசணும். திறந்த மனசு வேணும். நீங்க எல்லாத்தையும் மூடி மூடி வெச்சுக்கிறீங்க. உங்களை நம்பி எப்படி ஒரு டீமைக் குடுக்கிறது? நம்ம ரேடியோவைப் பாருங்க."

ரேடியோ என்பது இரண்டு மேஜை தள்ளி இருப்பவர். தன் வீட்டுக் கதையையும் அடுத்தவர் வீட்டுக் கதையையும் வித்தியாசம் பார்க்காமல் சொல்லுவார். போஸ்ட் அவருக்குத்தான்.

"ம்" என்றார் பூட்டு.

"அதோட, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்குக் காது வேற சரியில்ல. நல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க. இதையெல்லாம் மறைச்சு வெச்சுக்கிட்டு வேலை பாக்கிறது தப்பில்லையா?"

கொஞ்சம்கூடக் கூசாமல்தான் கேட்டார் மேனேஜர்.

"சரி சார்."

பூட்டு எழுந்து போனார். கதவைத் திறந்தவர், திரும்பாமலே நின்றார்.

"சார், உங்க இடது பக்க டிராயர்ல போன் அதிருது. ரொம்ப நேரமா."

மேனேஜர் டிராயரைத் திறந்தார். ஃபைல்களுக்கு அடியில் கிடந்த போன் அப்போதுதான் அதிர்ந்து அடங்கியது. டைரக்டர் கூப்பிட்டிருக்கிறார்.

மேனேஜர் போனைப் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"அங்கேருந்து இது கேக்குதா உங்களுக்கு?"

"ம்."

"அப்போ மீட்டிங்ல மட்டும் ஏன் கேக்க மாட்டேங்குது?"

பூட்டு திறந்த கதவை மறுபடி சாத்தினார். மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்து மேனேஜரின் வலது பக்கம் நின்று, மெதுவாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கேக்காதப்ப மட்டும்தான் சார் எனக்கும் கேக்காது."

மேனேஜருக்குச் சற்றுமுன் பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இது வேற யாருக்காவது..."

"ம்ஹும்."

இதற்கு மட்டும் இரண்டு அர்த்தம் இல்லை.

போன் மறுபடி அதிர்ந்தது. மேனேஜர் எடுத்து வலது காதில் வைத்தார்.

"எத்தனை தடவைய்யா கூப்பிடறது?" என்றார் டைரக்டர். "டீம் லீடருக்குக் காலையில சொன்ன பேரையே போட்டுடவா?"

"வேணாம் சார். அந்த இன்னொருத்தரையே போட்டுடுங்க."

"யாரை, அந்த அழுத்தக்காரனையா? என்ன ஆனாலும் வாயைத் திறக்க மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமா சார்" என்றார் மேனேஜர். "அதனாலதான்."