டாக்டர் நீல்சன் நடத்திய ஒத்திகை

“எல்லாரும் நல்லாக் கேட்டுக்குங்க! நாளைக்குக் காலைல மினசோட்டா மாநிலத்தோட கண் மருத்துவ வரலாறே மாறப் போகுது!”

டாக்டர் ஹார்லன் நீல்சன் தம் கண் பரிசோதனை அறையின் நடுவில் நின்று அறிவித்தார். எல்லாரும் என்பது இரண்டு பேர்: மனைவி மார்லிஸ், மகள் இங்க்ரிட். உயிரியல் பட்டப் படிப்பில் கடைசி வருடம் இருக்கும் இங்க்ரிட்டை ஆப்டோமெட்ரி என்னும் கண் பரிசோதனைப் படிப்புக்கான கல்லூரியிலிருந்து நாளை நேர்காணலுக்கு அழைத்திருந்தார்கள். வரலாறு என்பது அதுதான்.

“நுழைவுத் தேர்வுல இவ வாங்கின மார்க்கச் சொன்னதுலேருந்து சர்ச்சுல ஒருத்தனும் என் பக்கத்துல உட்கார மாட்டேங்கறான். பொறாமை!”

“வாராவாரம் அதையே சொன்னா யாரு உட்காருவா?” என்றாள் மார்லிஸ்.

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. “மார்க்கெல்லாம் சரி. நேர்காணல்ல கவுத்துடுவாளோன்னுதான் பயம். இவ வாயில கெட்ட சேதியே வராது. நன்றித் திருநாளுக்கு உங்க அத்தை வாட்டின வான்கோழி கரிக்கட்டையா இருந்துச்சு. நீ என்னடி சொன்ன?”

“‘வித்தியாசமா இருக்கு அத்தை’ன்னேன்.”

“பாத்தியா!”

அந்தப் பக்கத்து ஜனங்களே அப்படித்தான். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், ‘இன்னிக்குக் கொஞ்சம் வெக்கையா இருக்கு, இல்ல?’ என்பார்கள்.

“இப்ப நான்தான் தேர்வுக் குழு” என்று டாக்டர் டையைச் சரிசெய்துகொண்டார். “ஒருத்தர் ‘எனக்குக் கண்ணு பிரமாதமாத் தெரியுது’ங்கறார். தெரியலன்னு உனக்குத் தெரியும். என்ன செய்வ?”

“முதல்ல... காபி சாப்பிடறீங்களான்னு கேட்பேன்.”

“போச்சு! வாசலோட அனுப்பிடுவாங்க!”

இங்க்ரிட்டின் முகம் சிவந்தது. “எனக்கு இந்தப் படிப்புதான்ப்பா வேணும். வேற எதுக்கும் நான் விண்ணப்பம் போடவே இல்ல.”

டாக்டர் இளகிவிட்டார். நோயாளியின் நாற்காலியில் தாமே ஏறி அமர்ந்தார்.

“சரி, நான் நோயாளி. சோதிச்சுப் பார்த்து, என் மூஞ்சிக்கு நேரா ஒரு கெட்ட சேதி சொல்லு. ஐம்பத்தெட்டு வயசுலயும் எனக்குக் கழுகுக் கண்ணு. அதனால குறைய நீயாக் கற்பனை பண்ணிக்கணும்.”

இங்க்ரிட் விளக்கை அணைத்தாள். ஏதோ பொத்தான்களைத் தட்டினாள். அப்பாவின் வலது கண்ணை மூடி, எதிரே ஒளிர்ந்த திரையைக் காட்டினாள்.

“கடைசி வரியப் படிங்க.”

“சின்னப் புள்ளைகிட்ட கேட்கறதையெல்லாம் என்கிட்ட கேட்கறா பாரு!” என்றவர், பரமண்டல ஜெபம் சொல்வதுபோல் மூச்சு விடாமல் சொன்னார்: “டி, ஈ, எஃப், பி, ஓ, டி, ஈ, சி! எப்படி? கைதட்டு மார்லிஸ்!”

மார்லிஸ் கைதட்டவில்லை.

இங்க்ரிட் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரே அமர்ந்தாள்.

“டாக்டர் நீல்சன், உங்க இடது கண்ண இந்த வாரமே வேற டாக்டர்கிட்ட காட்டணும். பயப்படாதீங்க, ஆனா தள்ளிப் போடவும் கூடாது.”

டாக்டர் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். “அடி சக்கை! என்ன நிதானம்! என்ன கம்பீரம்! ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன்! என் ரத்தம்டி நீ! நாளைக்கும் இதே குரல்ல சொல்லு, சீட்டு உனக்குத்தான். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மைக்கப் பிடிச்சே சொல்லப் போறேன், இந்த மாதிரி ஒரு கற்பனை...”

“கற்பனை இல்லப்பா” என்றாள் இங்க்ரிட். “திரையில நான் போட்டிருக்கறது எல்லாம் எண்கள்.”